தொட்டிப் பக்கம் நின்றவள்

அவரை அந்த வட்டாரத்தில் மணிக்காரர் என்றுதான் சொல்வார்கள். தொழில் எலக்ட்ரீஷியன். தோல்பையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு மணிப்பெட்டி வைத்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்ன மணி, வெளியே நீளும் இரண்டு ஒயர்கள். இரண்டு முனைகளுக்கும் நடுவில் கரண்டு போக வழி இருந்தால் கிர்ரென்று அடிக்கும். வழி அறுந்திருந்தால் ஊமையாகக் கிடக்கும்.

நான் சொல்ல வந்தது அவர் மனைவியைப் பற்றி. அவளுக்கென்று தனியாகப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. மணிக்காரர் வீட்டம்மா, அவ்வளவுதான். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது அக்கா. கடையில் சாமான் கேட்பது முதல் வாத்தியாரிடம் காய்ச்சல் என்று சொல்வது வரை எல்லாம் அக்கா வாய்தான். இவள் பின்னால் நின்று தலையை ஆட்டுவாள்.

"உனக்கும் சேத்து நானே பேசிப் பேசி எனக்குத் தொண்டை தேஞ்சு போச்சுடி" என்பாள் அக்கா.

பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலைக்குப் போனாள். அந்தக் கடையில் ஸ்விட்ச் கருகியபோது சரிபண்ண வந்தவர்தான் மணிக்காரர். வேலை முடிந்து போகும்போது தரையில் சிந்திய ஒயர் துணுக்குகளைத் தானே பெருக்கி அள்ளிக்கொண்டு போனார். அதை இவள் பார்த்தாள். வீட்டில் அக்காவிடம் சொன்னாள். இவள் ஒரு ஆளைப் பற்றித் தானாக வாய் திறந்ததே அதிசயம் என்று அக்கா நேரே கடைக்குப் போய் விசாரித்தாள். பேசி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அவர் பேசுவார், நீ கேட்டுக்கிட்டிரு. ரெண்டு பேரும் பேசினா வீடு தாங்காது."

கல்யாணமாகி அவள் போன ஊரில் வீடுகள் எல்லாம் பலகைத் தரை போட்டவை. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு ஆள் படுத்து ஊர்ந்து போகிற அளவுக்கு இடுக்கு இருக்கும். குளிர் கடுமை என்பதால் வீட்டுக்கு வீடு மின்விசிறி வைத்த மண்ணெண்ணெய் ஹீட்டர். பின்பக்கம் இரும்புத் தொட்டி, அங்கிருந்து தரைக்கு அடியில் போகும் செம்புக் குழாய், கடைசியில் முழம் நீள ரப்பர் குழாய், அதற்கப்புறம் ஹீட்டர். மீட்டர் பெட்டி முன்பக்கம் இருக்கும். பின்னால் இருக்கும் தொட்டிக் குழாயையும் முன்னால் அந்தப் பெட்டியில் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கட்டையையும் ஒரு தடித்த பச்சை ஒயரால் இணைக்க வேண்டும். மணிக்காரருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த ஒயர்தான்.

வீட்டுக்காரர்களிடம் அவர் அதை விளக்குவதைக் கேட்க வேண்டும்.

"பாருங்கம்மா, ஹீட்டருக்குப் போற கரண்டு என்னைக்காவது வழி தவறி இந்தக் குழாய் மேல ஏறிருச்சுன்னு வைங்க. போக வழி தெரியாம அங்கேயே உக்காந்திருக்கும், சொல்லாம வந்த விருந்தாளி மாதிரி. நீங்க போயி கையை வெச்சா உங்க உடம்பு வழியாக் கிளம்பும். எண்ணெய் இருக்கிற இடம் வேற, ஒரு பொறி போதும். நான் இந்த ஒயரைப் போட்டுட்டா வந்த வேகத்துல இதுல ஓடிரும், பிரேக்கர் டக்குனு விழுந்துரும். உங்களுக்கு இருட்டுல நிக்கிற கஷ்டம் மட்டும்தான்."

அந்தப் பேச்சு அவளுக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல அவள் உதடும் லேசாக அசையும்.

ஒயரை ஓட்டுவதற்கு அவர் முதல் நாளே தனியாகப் போய்விடுவார். மறுநாள் சோதனைக்குத்தான் இவளைக் கூட்டிப்போவார். முன்பு உடனிருந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டான். "கிளிப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பேச வேண்டியதில்ல. உனக்குன்னே செஞ்ச வேலை" என்று சிரித்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. வேலையும் பங்கு பிரிந்தது. போர்டு அவர் பக்கம், தொட்டி அவள் பக்கம். மணிப்பெட்டியின் ஒரு ஒயரை வீட்டைச் சுற்றி நீளமாக இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிக் குழாயில் கிளிப்பைக் கவ்வவிட்டு, அது நழுவாமல் அவள் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் அவர் இன்னொரு முனையை எர்த் கட்டையில் வைப்பார். வீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்கும்.

"அடிக்குது!" என்று அவர் கத்துவார்.

"சரிங்க!" என்று இவள் கத்துவாள். வாழ்க்கையில் அவள் உரக்கச் சொன்ன ஒரே சொல் அதுதான் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. குளிரில் விரல் விறைத்துப் போனாலும் அவள் ஒரு வீட்டுக்கும் வரமாட்டேன் என்றதில்லை. மணி அடித்ததும் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரியைப் பார்த்து, "இனிமே பயமில்லை" என்று மெதுவாகச் சொல்வாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதிகம் பேசாதவள் சொன்னதால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு கூடியது. "மணிக்காரர் வீட்டம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள்.

பேசாதவர்களுக்குக் கண் அதிகம் வேலை செய்யும். ஆரம்பத்தில் அவர் ஒயர் ஓட்டிவிட்டு வரும் நாட்களில் சட்டையில் சிலந்தி வலையும் மண்ணும் அப்பியிருக்கும். முழங்கையில் கிழிசல் இருக்கும். ஊறப்போட்டுக் கசக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். பிறகு எப்போதிருந்தோ சட்டை சுத்தமாக வர ஆரம்பித்தது. அதையும் அவள் பார்த்தாள். மனுஷன் வயதாக ஆக நறுவிசாக வேலை செய்யக் கற்றுக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டாள்.

அக்கா அந்த ஊருக்கே வீடு மாறி வந்தது அதற்கும் பிறகு. அத்தான் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி நாள் கடலில். "தனியா இருக்கிறவ, எனக்கு நல்லாப் பாத்துப் போடுங்க" என்று அக்கா கேட்டாள். மணிக்காரரும் ஒயர் போட்டார். இவள் தொட்டிப் பக்கம் நின்றாள். மணி அடித்தது. அக்காவிடமும் அதே சொல்லைச் சொன்னாள். "எனக்கே சொல்றியா?" என்று அக்கா இவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

இந்தக் குளிர்காலத்தில்தான் அக்கா ஒரு நாள் போனில் சொன்னாள்.

"ஏய், அந்தத் தொட்டிக் குழாயைத் தொட்டா கையில சுருக்குங்குது. எறும்பு கடிச்ச மாதிரி."

இவள் அதை அவரிடம் சொன்னாள். அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். கத்தி ஒரு கணம் தாடையிலேயே நின்றது.

"கம்பளிச் சட்டை போட்டிருப்பாங்க. குளிர்ல கம்பளி உரசினா அப்படித்தான் பொறி தட்டும். கழட்டிட்டுத் தொடச் சொல்லு."

இவள் அதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தாள். "இந்தக் குளிர்ல கம்பளியைக் கழட்டிட்டுத் தொட்டியைத் தொடணுமாம்! உன் புருஷன் என்னைக் கொல்லப் பாக்கிறாருடி" என்று அக்கா சிரித்தாள். இவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் போன் வந்தது. அக்காவின் குரலே மாறியிருந்தது. தொட்டியின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீர் கலந்த எண்ணெயைக் கொஞ்சம் வடிக்கப் போயிருக்கிறாள். காலடியில் ஈரம். கையை வைத்ததுதான் தெரியும், யாரோ தோளைப் பிடித்துத் தூக்கி எறிந்ததுபோல வேலியோரம் போய் விழுந்திருக்கிறாள்.

"கை என் கை மாதிரியே இல்லடி. மரத்துப் போயி தொங்குது. நீ வா."

மணிக்காரர் சாமான் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். தோல்பை வீட்டில் இருந்தது. அவள் மணிப்பெட்டியை ஒயர்ச் சுருளோடு எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஏன் அதை எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவருடைய வேலையில் குறை இல்லை என்று அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் அப்போது இருந்திருக்கும்.

அக்கா அடுக்களையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களை மடக்க முடிந்தது. முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை. இவள் முதல் வேலையாகப் போய் மெயினை இறக்கினாள். ஹீட்டர் நின்றது. பிறகு ஹீட்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். ஹீட்டரின் மின்விசிறிக்குப் போகும் ஒயர் செம்புக் குழாயின் மேல் சாய்ந்து, ஆடி ஆடி, உறை தேய்ந்திருந்தது. உள்ளே இருந்த செம்பு குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதுதான் அக்கா. இதை மாத்திட்டா போதும்."

"சரி. ஆனா பிரேக்கர் விழும், இருட்டுல நிக்கிறதுதான் கஷ்டம்னாரே உன் புருஷன்? ஏன் விழல?"

அதற்கான பதிலைத் தேடித்தான் கொல்லைப்பக்கம் போனாள். கிளிப்பைக் குழாயில் கவ்வவிட்டாள். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினாள். வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் போர்டுப் பக்கம் நின்றாள். முனையை எர்த் கட்டையில் வைத்தாள்.

மணி அடிக்கவில்லை.

பேட்டரி போயிருக்கும் என்று கையிலிருந்த முனையை, பெட்டியில் மற்ற ஒயர் கிளம்பும் திருகிலேயே தொட்டுப் பார்த்தாள். கிர்ரென்று அடித்தது. கிளிப் நழுவியிருக்கும் என்று திரும்பப் போய்ப் பார்த்தாள். நழுவவில்லை. குழாயில் பெயிண்ட் தடுக்கிறதோ என்று சுரண்டிவிட்டு, செம்பு பளபளக்கும் இடத்தில் கவ்வவிட்டாள். முன்னால் வந்து மறுபடி வைத்தாள். ஊமை.

அக்கா போர்வையோடு எழுந்து பின்னாலேயே வந்திருந்தாள். "என்னடி, ஓடி ஓடிப் பிடிச்சு விளையாடுறே?"

அவள் தொட்டிப் பக்கம் போய் மண்டியிட்டாள். ஒயரைக் குழாயோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் அழகாக இருந்தது. திருகு இறுக்கமாக இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட பச்சை ஒயர் வளைந்து, தரைக்கு அடியில் போகும் ஓட்டைக்குள் நுழைந்திருந்தது. அதை விரலில் சுற்றி மெதுவாக இழுத்தாள்.

வந்தது. எந்தப் பிடிமானமும் இல்லாமல், ரிப்பனை உருவுவதுபோல, முழங்கை நீளத்துக்கு வந்தது. முனை வெட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி நுனி பின்னால் பிரிக்க வசதியாகச் சின்னதாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. அப்படி மடித்து ஒட்டும் ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். வீட்டில் பிஸ்கட் பொட்டலத்தைக்கூட அப்படித்தான் ஒட்டி வைப்பார்.

முன்பக்கமும் அதே கதை. எர்த் கட்டையிலிருந்து பலகைக்குள் போன ஒயரை இழுத்தாள். அதுவும் ஒரு முழம். அதற்கும் டேப், அதற்கும் மடிப்பு. நடுவில் வீட்டு நீளத்துக்கு ஒன்றுமே இல்லை.

சுத்தமான சட்டைகள் நினைவுக்கு வந்தன. அன்று கேட்ட மணிச் சத்தமும் வந்தது. கையிலிருக்கும் முனையைப் பெட்டித் திருகில் தொட்டால் போதும், தொட்டிப் பக்கம் எப்படி இருந்தாலும் அடிக்கும். சற்றுமுன் அவளே தொட்டு அடித்துப் பார்த்தாளே.

"இது எங்கடி போகுது?" என்றாள் அக்கா, அந்தப் பச்சை வாலைப் பார்த்து.

"எங்கயும் போகல அக்கா."

அக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவள் மணிக்காரரைத் திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அக்கா இவளைப் பார்த்தாள்.

"நீதானே அன்னைக்கு இங்க நின்னே?"

"ஆமா."

"நின்னுட்டு, இனிமே பயமில்லைன்னு என்கிட்ட சொன்னே."

"மணி அடிச்சதுக்கா. நான் கேட்டேன்."

"நானும்தான் கேட்டேன். எனக்கு அது என்ன சனியன்னு தெரியாது. நீ வருஷக்கணக்கா அவர் கூடவே போறவ. சட்டையில ஒரு பொத்தான் மாறியிருந்தாக் கண்டுபிடிக்கிறவ. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அக்காவிடம் தனக்காகப் பேசிப் பழக்கமே இல்லை. அவளுக்காகப் பேசியவள்தான் எதிரே நின்று கேட்கிறாள். வாய் திறக்காமல் நின்றது எப்படித் தோன்றும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல் வரவில்லை.

"போ. கை வலிக்குது. நான் படுக்கணும்" என்றாள் அக்கா.

சாயங்காலம் மணிக்காரர் விசில் அடித்துக்கொண்டே வந்தார். சாப்பாட்டு மேசையில் தட்டு இருக்க வேண்டிய இடத்தில், அக்கா வீட்டிலிருந்து அவள் கழற்றி வந்த இரண்டு பச்சைத் துண்டுகள் கிடந்தன. விசில் நின்றது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அக்கா பாத்துட்டாங்களா?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"அக்காவைத் தூக்கி அடிச்சிருக்கு. கை மரத்துப் போச்சு. உயிரோட இருக்கா."

"அய்யோ" என்றார். உண்மையாகவே சொன்னார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இவள் எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். அந்த வீட்டில் பேச்சுக்காகக் காத்திருப்பது எப்போதும் அவளுடைய வேலைதான். அன்றைக்கு அவருக்கு அது தாங்கவில்லை.

"ஆலை முதலாளி வீட்டு வேலை ஞாபகம் இருக்கா? அந்த வீட்டுத் தரை ரொம்பத் தாழ்வு. உள்ள போயிட்டேன். நடுவுல ஒரு ஆணியில சட்டை மாட்டிக்கிச்சு. முன்னால போக முடியல, பின்னால வர முடியல. கத்தினேன். மேல பாட்டுப் போட்டுக்கிட்டு யாரோ நடந்துக்கிட்டே இருக்காங்க. மூஞ்சி மண்ணுல. எப்படி வெளிய வந்தேன்னு எனக்கே தெரியல. அன்னையிலிருந்து எந்த வீட்டுலயும் தரைக்கடியில இறங்குற மூடியைத் திறந்தாலே மூச்சு முட்டுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றது? ஊரே மணிக்காரர், மணிக்காரர்ங்குது. தரைக்கடியில போக பயமா இருக்குன்னு சொல்றதா?"

"நான் போயிருப்பேனே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு வழி இருந்தது அவருக்குத் தோன்றியதே இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"நான் ஒல்லி. ஊர்ந்து போயிருப்பேன். நீங்க மேல நின்னு ஒயரை விட்டுக்கொடுத்தாப் போதும்." பச்சைத் துண்டு ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். "சரி, அது போகட்டும். பொய் மணிதானே அடிச்சீங்க. தனியாவே அடிச்சிருக்கலாமே. என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"நீ அங்க நின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். "உன் முகத்தைப் பாத்தா…"

மிச்சத்தை அவர் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"எத்தனையோ வீட்டுல சொன்னேனே, பயமில்லைன்னு" என்றாள். பிறகு, "கம்பளிச் சட்டைன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் போயி பாக்கலாம்னுதான்…"

"மத்த வீடுங்க?"

"எல்லாம் இல்ல. தரை உயரமான வீடா இருந்தா சுவரோரமா கையை விட்டு ஓட்டியிருக்கேன். சின்ன வீடுங்கள்ல ஒழுங்காத்தான் இருக்கும்."

"எந்தெந்த வீடு?"

"ஞாபகம் இல்ல."

"நம்ம வீடு?"

"சேச்சே, நம்ம வீட்டுக்குச் சரியாத்தானே போட்டேன்" என்றார், இதைப் போய்க் கேட்கிறாயே என்கிற மாதிரி.

அவள் எழுந்து போய் அடுப்படி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். வீட்டுக்காரர்களிடம் பேசும் அதே இனிப்பான குரல். அக்கா வீட்டை வெளியூர் ஆளை வைத்து உடனே சரிபண்ணிவிடலாம். மற்ற வீடுகளுக்கும் ஏதாவது சாக்குச் சொல்லி ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வெளியே தெரிந்தால் அதற்கப்புறம் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

"அக்காகிட்ட மட்டும் நீ சொல்லு. எலி கடிச்சிருச்சுன்னு சொல்லு. கேட்டுக்குவாங்க."

"எலி டேப் ஒட்டுமா?" என்றாள் அவள், திரும்பாமலேயே.

அக்கா வீட்டுக்கு அவர் அனுப்ப நினைத்த ஆள் தேவைப்படவில்லை. அக்காவே எங்கிருந்தோ இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒயர் ஓட்டிவிட்டாள். இவளுக்கு அது மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும். இவள் போனபோது அக்கா கதவைத் திறந்தாள். உட்கார் என்றாள். டீயை அலமாரியின் மேல்தட்டில் இருந்த பூப்போட்ட கோப்பையில் கொண்டுவந்தாள். அது வெளியார் வந்தால் எடுக்கும் கோப்பை. இவள் எப்போதும் குடிக்கும் காது உடைந்த கோப்பை கழுவும் தொட்டியோரம் கவிழ்ந்து கிடந்ததை இவள் பார்த்தாள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். எந்த வீட்டில் வால் மட்டும் இருக்கிறது, எதில் முழு ஒயர் இருக்கிறது என்று தெரியாததால் தான் நின்ற எல்லா வீடுகளுக்கும் போக வேண்டியிருந்தது. நின்ற இடம் அவளுக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு கொல்லையும், வேலியும், தொட்டியின் நிறமும் கண்ணில் இருந்தன.

முதலில் தையல்காரம்மா. வாசலில் நின்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டினாள்.

"உங்க தொட்டிக்கு எர்த் இருக்கான்னு பாக்கணும். இல்லாம இருக்கலாம். அன்னைக்கு அடிச்ச மணி பொய்யா இருக்கலாம்."

தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "என்னம்மா உளர்றே?" என்றாள். கூடவே கொல்லைக்கு வந்தாள். இவள் குனிந்து இழுத்தாள். வந்தது. டேப், மடிப்பு.

"குழாயைத் தொடாதீங்க. வேற ஆளைக் கூப்பிட்டு ஒயர் போட்டுக்கற வரைக்கும் ஹீட்டர் ஸ்விட்சை அணைச்சே வெச்சிருங்க."

"இந்தக் குளிர்லயா?" தையல்காரம்மா அந்த வாலையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவர் பேச்சை நான் அன்னைக்கே நம்பலம்மா. வாய் ஜாலக்காரர். நீ கூட இருந்தியேன்னுதான் விட்டேன்."

திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு வந்திருப்பாள். இது தெருமுனை வரை கூடவே வந்தது.

ஓய்வு பெற்ற லாரிக்காரர் வீட்டில் வேறு மாதிரி. "ஏம்மா, என் தொட்டி வாலை எதுக்குப் பிடிச்சு இழுக்கறே? அது என்ன மாடா?" என்றார். இழுத்தாள், ஒயர் அசையவில்லை. மணிப்பெட்டியை வைத்துப் பார்த்தாள், அடித்தது. நிஜமாகவே அடித்தது. லாரிக்காரர் கைதட்டினார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு இடத்தில் ஒழுங்காகச் செய்த மனிதர் இன்னொரு இடத்தில் எப்படிச் செய்தார் என்ற யோசனையே வந்தது. செய்யத் தெரியாதவர் என்று நினைத்துக்கொள்ள அவர் இடம் வைக்கவில்லை.

சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், "புருஷன் பெண்டாட்டி சண்டையா? அதை எதுக்கு எங்க கொல்லையில வந்து தீத்துக்கறே?" என்றார்கள். இன்னொரு வீட்டுக்காரி அழுதுவிட்டாள், கைக்குழந்தைக்காரி. எல்லா இடத்திலும் முதலில், "அன்னைக்குத் தொட்டிப் பக்கம் நின்னது நான்தான்" என்று சொன்னாள். சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதைத் தன் வாயால் சொல்லாமல் மேலே பேச வரவில்லை.

மணிக்காரர் வேலைக்குப் போவது தானாகவே நின்றுவிட்டது. முன்னறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னைக்கு எங்க போனே?" என்று கேட்பார். அவள் கோட்டைக் கழற்றி மாட்டுவாள். ஒரு நாள், "நான் வேணா கூட வரட்டுமா? வந்து அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்" என்றார். அவர் பேச ஆரம்பித்தால் ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் மன்னித்தும் விடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். "வேண்டாம்" என்றாள். அவருக்குச் சோறு போட்டாள். துணியும் துவைத்தாள். சட்டையை உதறும்போது அது சுத்தமாக இருப்பது இப்போது பார்க்கவே கூசியது.

குளிர் இன்னும் விடவில்லை. மிச்சமிருந்தது கோடியில் தனியாக இருக்கும் வீடு ஒன்றுதான். அங்கே போகலாமென்று கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. வாரக்கணக்கில் அவளாகக் கூப்பிட்டதில்லை.

"தையல்காரம்மா சொன்னா. வீடு வீடாப் போறியாமே."

"ஆமா."

"உன் வாயாலயே பேசுறியாமே."

"ஆமாக்கா."

அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அன்று தொட்டிப் பக்கம் வராத சொல் இப்போது தானாக வந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. என்னை நம்புறியா?"

"அந்தக் கோடி வீட்டுக்குப் போயிட்டியா?"

"இல்ல. இப்பத்தான் கிளம்புறேன்."

"அங்க ஒரு நாய் இருக்கு. அந்த வீட்டுக்காரன் கட்டியிருக்க மாட்டான். ரொட்டி ஏதாவது எடுத்துட்டுப் போ, வெறுங்கையோட போகாதே" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

அவள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு?" என்றார் முன்னறையிலிருந்து அவர்.

அவள் டப்பாவைத் திறந்து, நேற்றைய ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கிளம்பினாள்.